தாம்பரம் 1938: ஆக்கிரமிப்பும் கண்டனமும்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



ஒரு நாடு அண்டை நாட்டுக்குள் படை நடத்துகிறது. உலக நாடுகள் கண்டிக்கின்றன. படை நிற்பதில்லை. அப்படியானால் இந்தக் கண்டனத்தால் என்ன பயன்? வகுப்பறையில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்று அதற்குத்தான் விடை சொல்ல வந்திருக்கிறேன்.

படையைத் தடுப்பது கண்டனத்தின் வேலை அல்ல. படை பிடித்துக்கொண்டதற்கு உரிமை கிடைக்காமல் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. நம் புறநகரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் இரவோடு இரவாக அடுத்த மனையில் சுவர் எழுப்பிவிடுகிறார். தெருவே திரண்டு எதிர்த்தாலும் சுவர் விழாது. ஆனால் அந்த எதிர்ப்பு எழுத்தில் பதிவாகி, தாசில்தார் அலுவலகத்தில் பட்டா மாறாமல் நின்றுவிட்டால், பத்து ஆண்டு கழித்தும் அந்த மனை அவருடையதாகாது. நாடுகளுக்கு இடையிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் அதற்குச் சாட்சியம் வேண்டும். கண்டிப்பவர் தாமும் சிலவற்றை இழக்க முன்வர வேண்டும். தம் சொந்த நாட்டையும் அதே கோலால் அளக்க வேண்டும். இவை இல்லாத கண்டனம் வெறும் காகிதம்.

இதை நிறுவ நான் எடுத்துக்கொள்ளும் வழக்கு, 1931 முதல் ஜப்பான் சீனாவுக்குள் நடத்திய படையெடுப்பு. அந்த வரலாற்றின் ஒரு பக்கம் தாம்பரத்தில் எழுதப்பட்டது.

1

சென்னைக் கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கமிருந்து சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது 1937இல். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அந்தப் புதிய வளாகத்தில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. அறுபத்தொன்பது நாடுகள், பிரதேசங்களிலிருந்து 471 பேர் வந்தார்கள். ஜான் மோட் தலைமை வகித்தார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் இந்த மாநாட்டுக்கென்றே எழுதிய நூலைச் சுற்றி எழுந்த இறையியல் விவாதத்தை இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். 'தாம்பரம்' என்ற பெயரை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அறிந்தது அந்த விவாதத்தின் வழியாகத்தான்.

நான் பார்ப்பது வேறொரு பக்கம். அந்த மாநாடு தாம்பரத்தில் நடக்க வேண்டியதே இல்லை. சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்துவதென்றுதான் முதலில் முடிவு செய்திருந்தார்கள். 1937 ஜூலையில் ஜப்பானின் முழு அளவுப் போர் தொடங்கியது. டிசம்பரில் நான்ஜிங் வீழ்ந்தது, அதே மாதம் ஹாங்சோவும் வீழ்ந்தது. மாநாட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. அதனால்தான் அது இங்கே வந்தது.

சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் வூ யி-ஃபாங் அம்மையார். நான்ஜிங்கில் இருந்த ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவர். ஓராண்டுக்கு முன் அந்த நகரில் படுகொலை நடந்தபோது, அவருடைய கல்லூரி வளாகம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாக இருந்தது. அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்க ஆசிரியை மின்னி வாட்ரின் தம் நாட்குறிப்பில், படைவீரர்கள் சுவரேறி வந்து பெண்களை இழுத்துச் சென்றதைத் தேதிவாரியாக எழுதி வைத்தார். அப்படிப்பட்ட கல்லூரியின் தலைவர் இங்கே வந்து, ஜப்பானியப் பிரதிநிதிகளோடு ஒரே கூடத்தில் அமர்ந்தார். அந்த ஜப்பானியர்களில் ஒருவர் டொயோஹிகோ ககாவா. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2

எந்த நாடும் தான் அண்டை நாட்டை ஆக்கிரமிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 1931 செப்டம்பர் 18 இரவு முக்டன் நகருக்கு அருகே ஜப்பானுக்குச் சொந்தமான தண்டவாளத்தில் ஒரு வெடி வெடித்தது. சீனர்கள் வைத்தது என்றது ஜப்பானிய ராணுவம். உண்மையில் வைத்தது அந்த ராணுவத்தின் அதிகாரிகள். தற்காப்பு என்ற பெயரில் சில மாதங்களில் வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியா முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. 1932 மார்ச்சில் மஞ்சுகோ என்று ஒரு பொம்மை நாட்டை நிறுவி, அது அந்த மக்களே கேட்டுப் பெற்ற விடுதலை என்று அறிவித்தார்கள்.

சீனா முறையிட்டது. ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் 1931 டிசம்பரில் ஒரு விசாரணைக் குழு அமைக்க முடிவு செய்தது. ஜப்பானும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள், கடைசியில் எனக்கு அது தேவைப்படும். குழுவின் தலைவர் லிட்டன் பிரபு, வங்காளத்தின் முன்னாள் கவர்னர். குழுவினர் மஞ்சூரியாவுக்கே போய்ப் பலரை விசாரித்தார்கள். அறிக்கை 1932 அக்டோபரில் வெளியானது. முக்டன் வெடி நடந்த இரவு ஜப்பானிய ராணுவம் எடுத்த நடவடிக்கையைத் தற்காப்பு என்று ஏற்க முடியாது என்றும், மஞ்சுகோ மக்களிடமிருந்து தானாக எழுந்த விடுதலை இயக்கத்தால் உருவானதல்ல என்றும் அது சொன்னது.

அந்த அறிக்கையில் குறை உண்டு. ஜப்பானின் பொருளாதார நலன்களுக்கு அது அளவுக்கு மீறி இடம் கொடுத்தது என்பது என் கருத்து. ஆனாலும் அது வந்த பிறகு, நடந்தது என்ன என்பதைப் பற்றி இரண்டு சமமான கதைகள் இருக்க வழியில்லாமல் போயிற்று. 1933 பிப்ரவரி 24 அன்று ஜெனீவாவில் வாக்கெடுப்பு நடந்தது. அறிக்கைக்கு ஆதரவாக 42 நாடுகள், எதிராக ஜப்பான் ஒன்று மட்டும். சயாம் வாக்களிக்கவில்லை. ஜப்பானியப் பிரதிநிதி யோசுகே மட்சுவோகா தம் குழுவோடு எழுந்து வெளியே போனார். அடுத்த மாதம் ஜப்பான் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

படை நிற்கவில்லை. 1937இல் சீனாவின் மற்ற பகுதிகளுக்குள்ளும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று, சீனாவின் எல்லையை மதிக்க உறுதியளித்த ஒன்பது நாட்டு ஒப்பந்தத்தையும், போரைத் துறந்த 1928ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையையும் ஜப்பான் மீறிவிட்டது என்று சங்கத்தின் பேரவை மீண்டும் கண்டித்தது. அந்தப் பேரவைக்குத் தலைமை வகித்தவர் ஆகா கான், இந்தியாவின் பிரதிநிதி. நாம் அப்போது அடிமை நாடு. ஆனாலும் அந்தக் கண்டனம் நம் நாட்டின் பெயரால் அமர்ந்திருந்தவரின் தலைமையில் நிறைவேறியது.

3

இரண்டு கண்டனங்களும் ஏன் படையைத் தொடவில்லை? கண்டித்தவர்கள் எதையும் இழக்கத் தயாராக இல்லை என்பதுதான் காரணம்.

சீனாவின் மீது குண்டு போட்ட விமானங்கள் பெரும்பாலும் அமெரிக்க எண்ணெயில்தான் பறந்தன. ஜப்பானிய உலைகளுக்கு வேண்டிய பழைய இரும்பும் அமெரிக்காவிலிருந்து போனது. இரும்பு ஏற்றுமதியை அமெரிக்கா நிறுத்தியது 1940இல், எண்ணெயை நிறுத்தியது 1941இல். முக்டன் வெடிக்குப் பின் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டன் இன்னும் ஒரு படி கீழே போயிற்று. சீனாவுக்குப் பொருள் போய்க்கொண்டிருந்த ஒரு முக்கிய வழி பர்மா சாலை. ஜப்பானின் நெருக்குதலுக்குப் பணிந்து 1940 ஜூலையில் அதை மூன்று மாதம் மூடியது.

இந்தியாவின் கையும் அதில் இருந்தது. ஜப்பானிய ஆலைகளுக்கு நம் கச்சாப் பருத்தி கப்பல் கப்பலாகப் போயிற்று. மஞ்சூரியா பறிபோன பின், 1934இல்தான் இந்திய அரசும் ஜப்பானும் பருத்திக்கு ஈடாகத் துணி என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வார்ப்பிரும்பும் இங்கிருந்து போனது.

இந்தப் படத்தில் மாறுபட்டு நின்றது காங்கிரஸ். மத்திய அரசு அதன் கையில் இல்லை, படை இல்லை, ஜெனீவாவில் இடமும் இல்லை. ஆனால் ஜப்பானியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னது. அன்று ஜப்பானியத் துணிதான் மலிவு, அதை வாங்காதே என்று ஏழை நாட்டு மக்களிடம் சொல்வது எளிதான காரியம் அல்ல. சுபாஷ் சந்திர போஸ் தலைவராக இருந்த 1938இல், ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அட்டல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. அவர்களில் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ் வடசீனப் போர்முனையில் அறுவை மருத்துவம் செய்தே உடல் நலிந்து 1942 டிசம்பரில், முப்பத்திரண்டாம் வயதில், அங்கேயே இறந்தார். ஜெனீவாவில் வாக்களித்த நாற்பத்திரண்டு நாடுகளின் பெயரைச் சீன மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா தெரியாது. கோட்னிஸுக்கு அங்கே சிலை இருக்கிறது.

உலக நாடுகளின் இந்தத் தயக்கத்துக்கு நம் தமிழ் மக்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். மஞ்சூரியாவில் தடுக்கப்படாத படை பத்து ஆண்டுகளில் வங்கக் கடலுக்கு வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு விழுந்தது. சென்னை காலியாயிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பிய ரயில்களில், பாத்திரம் பண்டங்களோடு மக்கள் இந்தத் தாம்பரம் வழியாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதைவிடக் கொடுமை மலாயாவில். ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் மக்களை ஜப்பானிய ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போயிற்று. 415 கிலோமீட்டர் பாதை, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட வேலை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் செத்தார்கள். கைதிகளாக அங்கே மாண்ட வெள்ளையருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அதே மலாயாத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர், அதே ஜப்பானின் துணையோடு போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய நாட்டுப்பற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நேதாஜியின் வீரத்தைப் பேசும் மேடைகளில் சயாம் மரண ரயிலைப் பேசாமல் விடுவதை நான் ஏற்கவில்லை.

தொலைதூர நாட்டு மண் பறிபோவதை மலிவுத் துணிக்காகப் பொறுத்துக்கொண்டது ஒரு தலைமுறை. அதற்கான விலையைத் தோட்டத் தொழிலாளி கொடுத்தார்.

4

அப்படியானால் 1933ஆம் ஆண்டு வாக்கெடுப்பு வீணா? இல்லை.

1932 ஜனவரியிலேயே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், படை பலத்தால் உண்டாக்கும் மாற்றத்தைத் தம் நாடு அங்கீகரிக்காது என்று அறிவித்தார். சங்கமும் அந்தக் கொள்கையை ஏற்றது. விளைவு, மஞ்சுகோவை ஏற்றுக்கொண்ட நாடுகள் ஜப்பான், எல் சால்வடார், பிறகு இத்தாலி, ஜெர்மனி, அவற்றின் கூட்டாளிகள் என்று ஒரு சிறு வட்டத்தோடு நின்றுவிட்டன. பதின்மூன்று ஆண்டுகள் அரசன், அமைச்சரவை, நாணயம், தபால்தலை எல்லாம் இருந்தும் அது நாடாகவில்லை. 1943 நவம்பரில் கெய்ரோவில் கூடிய தலைவர்கள், மஞ்சூரியா சீனாவுக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்தபோது எவரும் அதைப் புதிய கோரிக்கையாகக் கருதவில்லை. பட்டா மாறவே இல்லை.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் முக்கியமானது. 1945 ஜூன் 26, சான் பிரான்சிஸ்கோ. எந்த நாடும் இன்னொரு நாட்டின் எல்லைக்கும் அரசியல் சுதந்திரத்துக்கும் எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தவோ மிரட்டவோ கூடாது என்ற விதியைக் கொண்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தில் ஐம்பது நாடுகள் கையெழுத்திட்டன. பெண்களில் கையெழுத்திட்டவர்கள் நால்வரே. அவர்களில் ஒருவர் வூ யி-ஃபாங். ஆறரை ஆண்டுகளுக்கு முன் இதே தாம்பரத்தில் இருந்தவர். அதே சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் இருவருமே தமிழர்கள்: ஆற்காடு இராமசாமி முதலியார், வி.டி. கிருஷ்ணமாச்சாரி. படைகொண்டு எல்லை மீறுவதைக் கண்டிக்க இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சட்டம், வெற்றி பெற்ற வல்லரசுகள் மட்டும் எழுதியதல்ல. நான்ஜிங்கின் சாட்சியாக நின்ற ஒரு கல்லூரியின் தலைவருடைய கையெழுத்தும் அதில் இருக்கிறது.

5

இப்போது ககாவா.

கோபே நகரத்துச் சேரியில் ஏழைகளோடு குடியிருந்து, தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கட்டியவர். தம் நாடு சீனாவுக்குச் செய்ததற்காகச் சீன மக்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டவர். தாம்பரம் மாநாடு முடிந்ததும் 1939 ஜனவரியில் பர்தோலி போய்க் காந்தியைப் பார்த்தார். ஜப்பானில் போரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று காந்தி கேட்டார். தாம் அங்கே ஒரு மாற்றுக் கருத்துக்காரர் என்று சொல்லி, தம் நிலையில் காந்தி என்ன செய்வார் என்று ககாவா திருப்பிக் கேட்டார். கருத்தை வெளிப்படையாக அறிவித்து, அதற்காகச் சுடப்படவும் தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் காந்தி விடை சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் என்னால் இதைச் செய்ய முடியுமா என்று தெரியாது, கேட்டதால் சொல்கிறேன் என்றும் சேர்த்தார். அந்த உரையாடல் 'ஹரிஜன்' இதழில் வெளியாகியிருக்கிறது.

1940 ஆகஸ்டில் ராணுவப் போலீஸார் ககாவாவைக் கைது செய்தார்கள். பிற்காலத்தில், போர் முற்றிய நிலையில், அதே ககாவா அமெரிக்காவைத் தாக்கி வானொலியில் பேசினார். அதைக் கொண்டு அவருடைய முந்தைய சொல்லைப் பொய்யென்று தள்ளுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே இருந்து கண்டிப்பவருக்குச் சிறை, தனிமை, துரோகி என்ற பட்டம் எல்லாம் காத்திருக்கின்றன. ஜெனீவாவில் கை உயர்த்திய எவருக்கும் அந்த ஆபத்து இல்லை. ஆகவே அந்த நாற்பத்திரண்டு வாக்குகளைவிட இந்த ஒருவரின் மன்னிப்பை நான் கனமாக மதிக்கிறேன்.

6

நம் நாடு கூண்டில் நின்ற வேளைகளும் உண்டு. 1961 டிசம்பரில் போர்ச்சுகல் வசமிருந்த கோவாவுக்குள் இந்தியப் படை நுழைந்தபோது, பாதுகாப்பு மன்றத்தில் நமக்கு எதிரான தீர்மானத்துக்கு ஏழு வாக்குகள் கிடைத்தன. சோவியத் ரத்து அதிகாரம் நம்மைக் காப்பாற்றியது. அன்று நம் பக்கம் வாக்களித்த நால்வரில் இலங்கையும் ஒன்று. 1971 டிசம்பர் 7 அன்று, இந்திய-பாகிஸ்தான் போரை நிறுத்திப் படைகளைத் திருப்பி அழைக்கக் கோரும் தீர்மானத்துக்குப் பொதுச்சபையில் 104 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு. கிழக்கு வங்கத்தில் நடந்த கொலைகளையும் கோடிக்கும் குறையாத அகதிகளையும் அந்தத் தீர்மானம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். இருந்தும் நம்மை மஞ்சூரியாவிலிருந்து பிரித்துக் காட்டியது வாதம் அல்ல. 1972 மார்ச்சுக்குள் இந்தியப் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. நாம் அங்கே பொம்மை அரசு வைக்கவில்லை.

1987 நமக்கு நெருக்கமானது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, இலங்கையின் இசைவு இல்லாமல் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருள் போட்டன. பசித்தவருக்கு உணவு என்று தமிழ்நாடு மகிழ்ந்தது. தன் இறையாண்மையை மீறிய செயல் என்று இலங்கை கண்டித்தது. பசி உண்மை, எல்லை மீறியதும் உண்மை. அடுத்த மாதம் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதன்படி இந்திய அமைதிப்படை. அது அழைப்பின் பேரில் போன படை, சட்டப்படி ஆக்கிரமிப்பு அல்ல. ஆனால் அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அந்தப் படை செய்ததையும் தமிழ் இயக்கங்கள் செய்ததையும் ஒரே கோலால் அளந்து எழுதியவர் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் ராஜினி திராணகம. 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். 'முறிந்த பனை' அவரும் மூன்று பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து விட்டுச்சென்ற சாட்சியம்.

1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தேசத் துரோகம் என்ற வசை எழுந்தது. உயிரிழந்த ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களின் குடும்பங்களுக்கு அது வலித்திருக்கும், அந்த வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் சொந்த நாட்டுப் படையின் செயலைக் கண்டிக்கும் குரல் இந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

7

கடைசியாக, இன்றைய வாக்கெடுப்புகள். உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்ததைக் கண்டித்து 2022 மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. எதிர்ப்பு 5. வாக்களிக்காமல் விலகி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எண்ணெய், ஆயுதம், சீன எல்லை என்று அரசு எண்ணிப்பார்க்க வேண்டியவை உண்டு, அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. எனக்குப் புரியாதது இரண்டு நாள் கழித்து நடந்தது. உக்ரைனில் நடந்த மீறல்களை விசாரிக்க ஒரு குழு அமைக்கும் தீர்மானம் மனித உரிமை மன்றத்தில் வந்தபோது, 32 ஆதரவு, 2 எதிர்ப்பு, 13 நாடுகள் வாக்களிக்கவில்லை. அந்தப் பதின்மூன்றிலும் இந்தியா இருந்தது. 2014 மார்ச்சில் இலங்கைப் போரில் நடந்தவற்றை விசாரிக்கும் தீர்மானத்திலும் இந்தியா இப்படித்தான் ஒதுங்கியது. அன்று தமிழ்நாட்டுக் கட்சிகள் கொதித்தன. 2022இல் அந்தக் கொதிப்பு இல்லை. முள்ளிவாய்க்காலுக்கு விசாரணை கேட்கும் நாம் உக்ரைனின் புச்சாவில் நடந்த கொலைகளுக்கும் அதையே கேட்க வேண்டும்.

விசாரணைக்கு வாக்களிப்பது எந்த நாட்டையும் பகைப்பதாகாது. லிட்டன் குழுவுக்குக் குற்றம்சாட்டப்பட்ட ஜப்பானே சம்மதம் சொல்லியிருந்தது. தடை விதிப்பதா, வணிகத்தை நிறுத்துவதா என்ற கேள்விகளில் அரசுக்குத் தயக்கம் இருக்கலாம். நடந்தது என்ன என்று எழுதிவைப்பதில் தயங்கக் காரணம் இல்லை. இந்த வட்டாரத்து மாணவர்களிடம் நான் கேட்பது இது: அடுத்து இப்படி ஒரு வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கினால், ஸ்ரீபெரும்புதூர், தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். வெளியுறவு அமைச்சகத்திடம் அவையில் காரணம் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் தர வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பில் நிற்கும்.